மண்மட்டத்தில் ஒரு சாண்: மரக்கால் கொட்டகை எத்தனை வருடம் நிற்கும்?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஆறு மாடு கட்ட 30-க்கு 20 அடியில் கொட்டகை போட வேண்டும். கொல்லையில் சவுக்கு நிற்கிறது. அதையே வெட்டி மண்ணில் நட்டு, மேலே தகரம் போடலாமா? அமெரிக்காவில் ‘போல் பார்ன்’ என்ற பெயரில் இதே மாதிரி மரக்கால் நட்ட கொட்டகைகள் 50 வருடம் நிற்பதாகச் சொல்கிறார்களே, நம் ஊரில் எத்தனை வருடம் தாங்கும், எப்படிப் பார்த்துக்கொள்வது?

முதலில் நேரடிப் பதில். பச்சைச் சவுக்கை அப்படியே களிமண்ணில் நட்டால் மூன்று, நான்கு வருடம். அதற்கு மேல் நின்றால் அது காற்று அடிக்காத அதிர்ஷ்டம். அதே சவுக்கை நன்றாகக் காயவிட்டு, மண்ணே படாமல் சிமெண்ட் பீடத்தின் மேல் நிறுத்தி, கூரையையும் ஒழுகவிடாமல் வைத்திருந்தால் பத்துப் பதினைந்து வருடம் எதிர்பார்க்கலாம். மரம் ஒன்றுதான். வித்தியாசம் முழுவதும் மண்மட்டத்தை ஒட்டிய ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. மீதி நான் சொல்லப் போவதெல்லாம் அந்த ஒரு சாணைப் பற்றித்தான்.

இதை நான் கற்றுக்கொண்டது கஜா புயலில். 2018 நவம்பர் 16 அதிகாலையில் அது வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறி எங்கள் பக்கம் வந்தபோது, 12 சவுக்குக் கால் நட்ட எங்கள் மாட்டுக் கொட்டகை சாய்ந்தது. ஒரு கன்றுக்குட்டி அடியில் சிக்கிச் செத்தது. விடிந்ததும் போய்ப் பார்த்தால், எட்டுக் கால்கள் தரையோடு தரையாக முறிந்திருந்தன. முறிந்த துண்டை எடுத்து அறுத்துப் பார்த்தேன். மேலே இருந்த பகுதி கல் மாதிரி இருந்தது. குழியைத் தோண்டி அடித்துண்டை எடுத்தால் அதுவும் ஓரளவு கெட்டியாகவே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் நீளம் மட்டும் விரலால் கிள்ளினால் உதிர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தபோது அந்தக் கால்களில் எந்தக் குறையும் தெரிந்ததில்லை. போன தீபாவளிக்குத்தான் அதற்குச் சுண்ணாம்பு அடித்திருந்தோம்.

ஏன் அந்த இடம் மட்டும்? மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். தரைக்கு மேலே காற்று இருக்கிறது, ஈரம் நிற்பதில்லை. ஆழத்தில் ஈரம் இருக்கிறது, காற்று போவதில்லை. மண்மட்டத்தில் இரண்டும் வருடம் முழுக்கச் சேர்ந்தே இருக்கின்றன. கிணறு வெட்டும்போது அடியில் நெல்லிக்கட்டை இறக்குவார்கள் இல்லையா? அது தலைமுறை தாண்டியும் கெடாமல் கிடப்பதற்கு நெல்லி மரத்தின் குணத்தைவிட, எப்போதும் தண்ணீருக்கு அடியில் காற்றுப் படாமல் கிடப்பதே பெரிய காரணம். அதே நெல்லியைக் கொட்டகைக்குக் காலாக நட்டால் அந்த ஆயுளை எதிர்பார்க்க முடியாது. கரையானும் இந்த மட்டத்தில்தான் மண்ணிலிருந்து மரத்துக்கு ஏறுகிறது. அப்புறம், காற்று கூரையைத் தள்ளும்போது கால் அதிகமாக வளைந்து வேதனைப்படும் இடமும் மண்மட்டத்தை ஒட்டித்தான். ஆக, மரம் எங்கே வலுவாக இருக்க வேண்டுமோ அங்கேதான் முதலில் இற்றுப்போகிறது.

இப்போது அமெரிக்கக் கணக்குக்கு வருவோம். அங்கே 1930-களின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில், மரத்தையும் கூலியையும் மிச்சப்படுத்த, அஸ்திவாரம் இல்லாமல் கம்பங்களை நேராக மண்ணில் நட்டுக் கட்டத் தொடங்கினார்கள். அவை 40, 50 வருடம் நிற்பது உண்மைதான். ஆனால் அந்தக் கம்பங்கள் வெறும் மரம் இல்லை. இரும்புத் தொட்டிக்குள் அடைத்து, மரத்தில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அழுத்தம் கொடுத்து உள்ளே மருந்து ஏற்றியவை. அப்படி ஏற்றும் மருந்துகளில் பேர்போன, செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த மருந்தைக் கண்டுபிடித்தவர் நம் நாட்டுக்காரர் என்பதைப் பலர் அறிவதில்லை. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த சொண்டி காமேசம் 1933-இல் உருவாக்கியது அது. இங்கே பிறந்த மருந்து உலகம் முழுக்கப் பண்ணைகளைத் தாங்கி நிற்கிறது, நாம் இன்னும் கழிவு எண்ணெயைத் தடவி நட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இப்படி மருந்து ஏற்றிய கம்பம் உங்களுக்குக் கிடைத்தால் வாங்கலாம். சவுக்கு, தைலமரம் போன்ற இளங்கம்பங்களில் வெளிப்பக்கம் முழுக்க வெள்ளை மரம், அதாவது இன்னும் முற்றாத வெளிமரம், இருப்பதால் மருந்து நன்றாகவே ஏறும். ஆனால் மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது. கம்பத்தை அறுக்க வேண்டி வந்தால் மேல் நுனியில் அறுங்கள்; மருந்து நன்றாக ஏறிய அடிமுனையே மண்ணுக்குள் போக வேண்டும். அறுத்த முனையில் உள்ளே இருக்கும் மருந்தில்லாத மரம் திறந்துகொள்ளும். இரண்டாவது, அந்த மரத்தில் தீவனத் தொட்டி செய்யக் கூடாது. மூன்றாவதுதான் மிக முக்கியம்: மிச்சத் துண்டை அடுப்பில் வைக்கவே கூடாது. நம் வீடுகளில் ஆசாரி வேலை முடிந்தால் சில்லும் சிராயும் நேராக அடுப்படிக்குத்தான் போகும். இந்த மரம் எரிந்தால் புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும். மாடு சாம்பலை நக்கும் பழக்கம் உள்ள பிராணி. இந்தச் சாம்பலை நக்கிய மாடுகள் செத்திருக்கின்றன.

வீட்டிலேயே மருந்து கலந்து ஏற்றலாமா என்று கேட்பீர்கள். ஆர்சனிக் சேர்ந்ததை வீட்டில் தொடவே வேண்டாம். வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் பாதுகாப்பானது, கூரைக்குப் போடும் மூங்கிலுக்கு அருமையாக வேலை செய்யும். ஆனால் ஈர மண்ணில் அது கரைந்து வெளியேறிவிடும், எனவே நடும் காலுக்குப் பயன் இல்லை. அடியைச் சுட்டுக் கரியாக்கி நடுவது பழைய வழக்கம். கரி உளுக்காதுதான்; ஆனால் கரிக்கு உள்ளே இருக்கும் மரம் எப்போதும் போல உளுக்கும், சுடும்போது விழும் வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் இன்னும் சுலபமாக இறங்கும். தார் பூசுவதும் அப்படித்தான், பச்சை மரத்தில் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். கழிவு எண்ணெய் தோலோடு நின்றுவிடுகிறது, அதிலுள்ள உலோகக் கழிவு மண்ணுக்கும் மாட்டின் வாய்க்கும் போகிறது. கடற்கரையில் படகுக்குத் தடவும் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் இவற்றைவிட மேல். தரைக்கு மேலே உள்ள மரத்துக்கு நான் அதைத்தான் வருடம் ஒரு முறை பூசுகிறேன். கையில் பட்டால் புண்ணாகிவிடும், உறை போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மரம் என்பதும் பெரிய விஷயம். நம் நாட்டில் மரங்களை மண்ணில் புதைத்துச் சோதித்து மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: சராசரியாக 120 மாதத்துக்கு மேல் நின்றால் முதல் வகை, 60 முதல் 120 மாதம் என்றால் இரண்டாவது, 60 மாதத்துக்குக் குறைந்தால் மூன்றாவது. இந்தக் கணக்கு வைரத்துக்கு, அதாவது முற்றி இறுகிய நடுமரத்துக்கு மட்டும்தான். வெள்ளை மரம் எந்த மரமானாலும் சீக்கிரம் போய்விடும். தேக்கு முதல் வகை; ஆனால் வாய்க்கால் கரையில் பதினைந்து வருடத்தில் வெட்டிய ஒல்லித் தேக்கில் வைரம் எவ்வளவு இருக்கும் என்று அறுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நாலைந்து வருடச் சவுக்கில் வைரமே கிடையாது.

நம் ஊர் மரங்களில் எனக்குப் பிடித்தது முதிர்ந்த பனை. மற்ற மரங்களுக்கு மாறாக இதன் வைரம் வெளிவட்டத்தில், இரும்பு மாதிரி கறுத்திருக்கும்; நடுவில் மெத்தென்ற சோறு. அந்தச் சோற்றை எடுத்துவிட்டு வைரத்தை மட்டும் சட்டமாக, கைமரமாக (கூரையைத் தாங்கும் சாய்வுக் கட்டையாக) போட்டால் நம் தாத்தா காலத்து வீடுகளைப் போல நிற்கும். முழுப் பனையைக் காலாக நடுவது வேறு கதை. தண்ணீர் நடுச்சோற்றில் இறங்கினால் உள்ளே கூடாகிவிடும், எனவே மேல்முனையைத் தகரத்தால் மூடியாக வேண்டும். மூங்கில் மண்ணில் ஒன்று முதல் மூன்று வருடம்தான். கூரைக்கு அடியில் நனையாமல் இருந்தால் நான்கு முதல் ஏழு. தென்னையை மண்ணில் நடவே வேண்டாம். கஜாவில் விழுந்த தென்னைகளை வீணாக்க மனம் இல்லாமல் பலர் கொட்டகைக்குக் கால் நட்டார்கள். எங்கள் தெருவில் மட்டும் நான்கு கொட்டகைகள் அப்படி வந்தன. மூன்றாவது மழைக்காலத்தைத் தாண்டி ஒன்றும் நிற்கவில்லை.

டெல்டா என்றாலும் மண் எங்கும் ஒன்றில்லை. வல்லம் பக்கம் செம்மண் மேட்டில் தண்ணீர் வடிந்துவிடும், கால் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கும். வேதாரண்யம், கோடியக்கரை மணலில் மரத்தைவிட இரும்புக்குத்தான் ஆபத்து. உப்புக்காற்று ஆணியையும் தகரத்தையும் தின்னும். உங்கள் மன்னார்குடி, அப்புறம் திருவாரூர், நன்னிலம் எல்லாம் கனத்த களி. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தால் தை அறுப்பு வரை நிலம் ஊறியே கிடக்கும். ஊறிய களி வெண்ணெய் மாதிரி, காலைப் பிடித்து நிறுத்தும் வலு அதற்கு இல்லை. அந்த நேரத்தில்தான் ஐப்பசி, கார்த்திகைப் புயலும் வருகிறது. கோடையில் அதே களி சுருங்கிக் காலைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. அந்த வெடிப்பு வழியாக அடுத்த மழைத்தண்ணீர் நேராகக் காலின் இடுப்புக்கே போய்ச் சேரும். குழியில் ஜல்லி போட்டுத் தண்ணீரை வடியவிடச் சொல்லும் வெளிநாட்டு யோசனை களிமண்ணில் எடுபடாது. தண்ணீர் வடிய இடமில்லாமல் ஜல்லிக்குழி ஒரு தொட்டியாக நிற்கும்.

மரக்காலைச் சுற்றிக் கான்கிரீட் ஊற்றினால் பத்திரம் என்று நம் கொத்தனார்கள் பலர் நம்புகிறார்கள். கஜாவுக்குப் பிறகு எனக்கும் ஒருவர் அப்படித்தான் யோசனை சொன்னார். மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், கான்கிரீட் அசையாது. ஒரே வருடத்தில் நடுவே காகிதம் நுழையும் சந்து விழும். அதில் இறங்கிய தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் மரத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே அப்படி ஊற்றிவிட்டவர்கள் கான்கிரீட்டின் தலையைத் தரைக்கு மேல் அரை அடி உயர்த்தி, வெளிப்பக்கம் சரிவாகப் பூசி, அந்தச் சந்தை வருடா வருடம் தாரால் அடைத்து வைக்கலாம். அதற்கு மேல் வழியில்லை.

2019 தை அறுப்புக்குப் பிறகு நான் திரும்பக் கட்டியபோது செய்தது இது. தரைக்குக் கீழே மூன்றரை அடி ஆழத்தில் அடிப்பக்கம் அகன்ற கான்கிரீட், தரைக்கு மேலே ஒன்றரை அடி பீடம், பீடத்தின் தலையில் ஈரக் கான்கிரீட்டிலேயே பதித்த யு வடிவ இரும்புப் பட்டை, அதற்குள் மரக்கால், குறுக்கே இரண்டு போல்ட். மரத்தின் அடி கான்கிரீட்டில் உட்காராமல் அரை அங்குலம் தூக்கி இருக்கும். பீடத்துக்கும் மரத்துக்கும் நடுவே தொப்பி மாதிரி ஒரு தகரம், ஓரம் கீழ்நோக்கி மடித்தது. கரையானை அது முழுசாகத் தடுக்காது. ஆனால் ஏற வேண்டுமென்றால் தகரத்தைச் சுற்றிக்கொண்டு மண்வரி கட்டியாக வேண்டும், நம் கண்ணில் பட்டுவிடும். இந்தக் கால்கள் இன்றும் உளியால் குத்தினால் உளி இறங்காத கெட்டியோடு நிற்கின்றன.

இதில் ஒரு பெரிய விலை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் உங்களை ஆபத்தில் தள்ளியவன் ஆவேன். மண்ணில் ஆழமாக நட்ட கால் தானாகவே விறைப்பாக நிற்கும். பீடத்தின் மேல் போல்ட்டில் நிற்கும் கால் கதவுக்கீல் மாதிரி; பக்கவாட்டில் தள்ளினால் சாயும். அதனால் ஒவ்வொரு காலுக்கும் விட்டத்துக்கும் நடுவில் மூலைக்கு மூலை சாய்வாக முட்டுச் சட்டம் கொடுத்தே ஆக வேண்டும். நான்கு மூலைக் கட்டங்களில் பெருக்கல் குறி போலக் குறுக்குச் சட்டமும் வேண்டும். இதை மிச்சம் பிடித்தவர்களின் கொட்டகை, கால் உளுக்காமலேயே படுத்துவிடும். பக்கம் திறந்த கொட்டகையில் காற்று உள்ளே புகுந்து கூரையை மேலே தூக்கும். எனவே கூரைக்கும் விட்டத்துக்கும், விட்டத்துக்கும் காலுக்கும், காலுக்கும் பீடத்துக்கும் இரும்புப் பட்டை தொடர்ச்சியாகப் போக வேண்டும். நடுவில் எங்காவது வெறும் ஆணி இருந்தால் புயல் அங்கே பிய்த்துக்கொண்டு போகும்.

சிலர் மரமே வேண்டாம் என்று ஜிஐ பைப்புக்கு (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) போகிறார்கள். கல்தூண் நடலாம் என்றால் நம் வண்டல் பூமியில் கல் கிடையாது, புதுக்கோட்டைப் பக்கமிருந்து லாரியில் வர வேண்டும். பைப்பு துருப்பிடித்து இற்றுப்போகும் இடமும் அதே ஒரு சாண்தான், இங்கே காரணம் மூத்திரமும் சாணமும். பற்றவைக்கும்போது துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும். அந்த இடங்களில் துத்தநாகச் சத்துள்ள பெயிண்டை அன்றே இரண்டு கோட் அடிக்க வேண்டும். பைப்பின் அடியைச் சுற்றி அரை அடி உயரக் கான்கிரீட் கழுத்து கட்டி வெளிப்பக்கம் சரித்துவிடுங்கள்.

தகரத்தில் சதுர மீட்டருக்கு 120 கிராம் துத்தநாகம் உள்ளதும் விற்கிறது, 275 கிராம் உள்ளதும் விற்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும், கேட்டுத்தான் வாங்க வேண்டும். அலுமினியம் கலந்த கால்வால்யூம் தகடு வீட்டு மாடிக்கு நல்லது. மாட்டுக் கொட்டகையில் மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா அதை அரிக்கும், தயாரிப்பாளர்களே கால்நடைக் கொட்டகைக்கு உத்தரவாதம் தருவதில்லை.

பராமரிப்பு என்று பார்த்தால் வருடத்துக்கு இரண்டு நாள் வேலை. முதல் நாள் புரட்டாசியில், மழைக்கு முன்னால். தகரத்தின் திருகுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள், குறிப்பாக ஓரத்திலும் முகட்டிலும் மூலையிலும். காற்று முதலில் பிடுங்குவது அங்கேதான். ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். திருகை வாஷர் பிதுங்கும் அளவுக்கு முடுக்கக் கூடாது. முட்டுச் சட்ட போல்ட்டுகள் மரம் சுருங்கியதால் தளர்ந்திருக்கும், அவற்றையும் இறுக்குங்கள். இறவாரத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கூரை காலுக்கு வெளியே இரண்டடியாவது நீட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் மழைத்தெறிப்பே வெளிவரிசைக் கால்களை முடித்துவிடும்.

இரண்டாவது நாள் மாசி, பங்குனியில். மண்ணில் நட்ட கால் என்றால் சுற்றிலும் முக்கால் அடி தோண்டி, உளியால் குத்திப் பாருங்கள். கால் அங்குலம் இறங்கினால் கவலை இல்லை, ஒரு அங்குலம் இறங்கினால் அந்த வருடமே மாற்ற வேண்டும். சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் ‘டங்’ என்னும், கூடான மரம் ‘பொத்’ என்னும். தோண்டிய இடத்தில் களியையே திரும்பப் போடாமல் செம்மண்ணும் மணலும் கலந்து கெட்டித்து, காலை ஒட்டி மேடாக்கி விடுங்கள். தினசரி விஷயத்தில் இரண்டுதான்: சாணத்தையும் வைக்கோலையும் காலோடு ஒட்டிக் குவிக்காதீர்கள், மூத்திர வாய்க்கால் காலிலிருந்து விலகி, பத்தடிக்கு மூன்று அங்குலச் சரிவில் ஓடட்டும். மாடு கட்டும் இடத்தில் கரையான் மருந்து ஊற்றுவது எனக்குச் சம்மதமில்லை. மண்வரியைக் கண்டதும் சுரண்டி எடுத்தாலே பெரும்பாலும் போதும்.

அடி உளுத்துவிட்ட கொட்டகையைப் பிரிக்க வேண்டியதில்லை. விட்டத்துக்கு இருபுறமும் முட்டுக் கொடுத்து, ஜாக்கி வைத்துப் பாரத்தை ஏற்றிக்கொண்டு, உளுத்த பகுதிக்கு மேலே நல்ல மரத்தில் அறுத்து, பழைய குழியிலேயே பீடம் கட்டி உட்கார வைத்துவிடலாம். ஒரு நேரத்தில் ஒரு கால்தான். கான்கிரீட்டுக்கு ஒரு வாரமாவது தண்ணீர் காட்டிய பிறகு பாரத்தை இறக்குங்கள். முட்டுச் சட்டத்தையும் அப்போதே சேர்த்துவிட வேண்டும். இரண்டு பேர் இருந்தால் ஒரு கோடையில் பத்துக் காலை மாற்றிவிடலாம்.

உங்கள் 30-க்கு 20 கொட்டகைக்கு நான் சொல்வது: கொல்லைச் சவுக்கில் மண்ணிலிருந்து இடுப்பு உயரத்தில் ஐந்து அங்குலக் குறுக்களவுக்குக் குறையாத மரங்களாக எட்டு எடுங்கள். தையில் வெட்டி, பட்டையை உடனே உரித்து, தரையில் படாமல் நிழலில் அடுக்கி மூன்று மாதம் காயட்டும். அதற்குள் பீடங்கள் கட்டி முடித்துவிடலாம். கைமரத்துக்குப் பனை கிடைத்தால் பனை, இல்லையென்றால் சவுக்கே போதும். பீடத்தின் உயரத்தை மட்டும் யாருடைய அளவையும் பார்த்து வைக்காதீர்கள். உங்கள் வீட்டுச் சுவரிலோ களத்து மதிலிலோ வெள்ளம் நின்ற தழும்பு இருக்கும். வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் எந்த வருடத்துத் தண்ணீர் எதுவரை வந்தது என்று காட்டுவார்கள். அதில் உயரமான தழும்புக்கு மேல் நான்கு விரல் வைத்து, அந்த மட்டத்துக்குப் பீடத்தின் தலையைக் கொண்டுவாருங்கள்.